காரணம் கேட்கக் கூடாது

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், ஜுருவில் மின்னணு உதிரிப் பாகங்கள் செய்யும் ஆலை ஒன்றில் தனுஜா தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். வாரத்தில் ஐந்து நாள் பூதக்கண்ணாடிக்குக் கீழே சின்னச் சின்னத் தகடுகளைப் பார்த்து, கீறல் உள்ளதை ஒதுக்கி வைப்பது அவள் வேலை. ஆறாவது நாள், சனிக்கிழமை, பைராம் தோட்டத்து வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் பாலம் தாண்டித் தீவிலுள்ள ஜெலுத்தோங் போவாள். அங்கே ஓர் அடுக்குமாடி வீட்டின் ஆறாவது மாடியில் மதியம் இரண்டு மணி முதல் ஏழு மணி வரை அவள் பெயர் கயல். கடல் சூழ்ந்த ஒரு நாட்டில் படகோட்டி. கத்தி வீசத் தெரிந்தவள், யாருக்கும் பணியாதவள்.

ஒன்பது வருடங்கள் அப்படிப் போயின.

அந்த வீடு புவனேஸ்வரனுடையது. கட்டட வரைபடம் வரைபவர், நாற்பத்து நான்கு வயது, தனி ஆள். அந்தக் கற்பனை நாட்டை உருவாக்கியவரும் அவர்தான். அதன் ஏழு துறைமுகங்களையும் உப்புச் சுரங்கங்களையும் மலைகளையும் அலுவலகத்து வரைதாளில் அளவெடுத்து வரைந்து வைத்திருந்தார். விளையாட்டு எளிமையானது. நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்வார்கள். புவன் கதை சொல்வார். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, கதவைத் திறக்கிறேன், ஓடுகிறேன், அந்தக் காவலாளியிடம் பொய் சொல்கிறேன் என்பார்கள். முடிந்ததா இல்லையா என்பதை டைஸ் என்ற இருபது முகப் பகடை முடிவு செய்யும். இந்த விளையாட்டை ஆடும் கூட்டங்கள் பினாங்கில் இன்னும் சில உண்டு, அங்கெல்லாம் ஆங்கிலம். இங்கே மட்டும் தமிழில் ஆடினார்கள். தனுஜா பாலம் தாண்டி வந்ததற்கு அது ஒரு காரணம். கோபத்தையும் கெஞ்சலையும் தன் வாயில் வருகிற மாதிரியே சொல்லலாம்.

மற்ற இருவரில் உமா வங்கி அதிகாரி, செட்டியார் வீட்டுப் பெண், தனுஜாவைவிட மூன்று வயது மூத்தவள். ஷேக் அலாவுதீன் கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார்.

பழைய நாள்காட்டித் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் வீட்டு விதிகளை எழுதி ஐஸ்பெட்டிப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். தாமதமாக வருகிறவர் எல்லாருக்கும் சாப்பாடு வாங்கி வர வேண்டும். கைப்பேசிகள் கூடையில். சொல்லாமல் கொள்ளாமல் மூன்று வாரம் வராதவரின் பாத்திரத்தைப் புவன் எடுத்துக்கொள்வார். இவற்றுக்கெல்லாம் மேலே, தடித்த எழுத்தில் முதல் விதி: மேசையில் சொன்னது நடந்தது. சொன்ன பிறகு மாற்றக் கூடாது, அழிக்கக் கூடாது, இன்னொரு முறை உருட்டக் கூடாது.

அந்த முதல் விதியைக் கட்டிக் காத்தவள் தனுஜாதான். ஒரு முறை உமாவின் வில்லாளி ஒரு கோட்டைச் சுவரிலிருந்து விழுந்தான். டைஸில் ஒன்று வந்தது, செத்துப்போனான். நான்கு வருடமாக உமா வளர்த்த பாத்திரம். கண்ணில் நீர் கோத்துக்கொண்டு, "இன்னொரு தடவ மட்டும் உருட்டறேன்லா, ப்ளீஸ்" என்று கேட்டாள். புவன் இளகிவிட்டார். அலாவுதீனும் சரி என்றார். தனுஜா ஒருத்திதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"அக்கா, இன்னிக்கி உங்களுக்கு மாத்துனா நாளைக்கி எதுக்குமே அர்த்தம் இல்லாம போயிடும். மேசையில சொன்னது நடந்தது."

உமா தன் பாத்திரத்தின் தாளை நான்காகக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டுச் சிரித்தாள். அடுத்த வாரம் ஒரு மருத்துவச்சியை உருவாக்கிக்கொண்டு வந்தாள். அதைப் பற்றி யாரும் பிறகு பேசவில்லை.

இது நடந்து இரண்டு வருடம் கழித்து ஷர்வின் வீட்டை விட்டுப் போனான்.

ஷர்வின் தனுஜாவின் ஒரே தம்பி. இருபத்து நான்கு வயது. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்தான். பிறகு அதுவும் இல்லை. அவர்களுடைய அப்பா ராமசாமி தோட்டத்தில் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர், வார்த்தையை அளந்து பேசத் தெரியாதவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "ஒரு வேலைக்கும் லாயக்கு இல்லாதவனுக்கு இங்க என்னா இருக்கு? போ" என்றார். அவன் ஒரு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மாலை மூன்று மணிக்கு அக்காவுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினான். பின்னால் லாரிகள் போகும் சத்தம் கேட்டது.

"அக்கா, சோறு வச்சிட்டுக் காத்திருக்காதீங்க. நான் சாப்ட்டுட்டேன்."

அவ்வளவுதான். அதன் பிறகு அந்த எண் இயங்கவில்லை. போலீஸில் சொன்னார்கள், தெற்கே ஜொகூர் வரை போய்த் தேடினார்கள், மருத்துவமனைகளில் கேட்டார்கள். அப்பா அன்றிலிருந்து வீட்டில் யாரிடமும் சத்தமாகப் பேசுவதில்லை. அம்மா தனலெட்சுமி அதற்குப் பிறகும் தினமும் ஒரு ஆளுக்கு அதிகமாகச் சோறு வடித்தாள்.

அந்தப் பதிவைத் தனுஜா வெளியாள் ஒருவருக்குத்தான் போட்டுக் காட்டினாள். புவனுக்கு. ஒரு மதியம் ஜெலுத்தோங் சாப்பாட்டுக் கடை ஒன்றில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தபோது கைப்பேசியை அவர் காதருகே நீட்டினாள். அவர் இரண்டு முறை கேட்டார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். இப்படி ஒரு மனிதர் இருக்கிறாரே என்று அன்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவளுக்கு ஒரு பயம் வந்தது. கதையில் யாராவது தொலைவார்கள், யாராவது இறந்து கிடப்பார்கள். அப்போது தன் முகம் காட்டிக் கொடுத்துவிடுமோ என்ற பயம். வெளிநாட்டுக் கூட்டங்களில் இதற்கு ஒரு வழி வைத்திருப்பதை இணையத்தில் படித்தாள். ஆலையில் பழுதான சரக்கின் மேல் மாட்டுகிற சிவப்பு அட்டை ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"யாரு வேணும்னாலும் இத நடுவுல போடலாம். போட்டா கதை அங்கயே நிக்கணும். வேற பக்கம் போயிடணும். ஏன்னு கேக்கக் கூடாது."

"எதுக்குலா இது? நாம எல்லாம் குடும்பம் மாதிரி" என்றார் அலாவுதீன்.

"காரணம்கூட சொல்ல வேணாமா?" என்று உமா கேட்டாள்.

"வாயால சொல்ல முடிஞ்சா அட்டை எதுக்குக்கா?"

புவன் எழுந்து போய், நாள்காட்டித் தாளின் கடைசி வரியில் தன் அழகான கையெழுத்தில் எழுதினார்: சிவப்பு அட்டை போட்டால் கதை நிற்கும். காரணம் கேட்கக் கூடாது.

ஒன்றரை வருடம் அந்த அட்டை யாரும் தொடாமல் கிடந்தது. அலாவுதீன் சில நாள் அதன் மேல் தேநீர்க் கோப்பையை வைப்பார். எடுங்கள் என்று புவன் சொல்வார். சிரிப்பார்கள்.

தைப்பூசம் முடிந்த இரண்டாவது சனிக்கிழமை அது நடந்தது. கதையில் அவர்கள் ஓர் உப்புச் சுரங்கத்தில் இறங்கி அடிமைகளை விடுவித்துக்கொண்டிருந்தார்கள். அன்று புவன் வழக்கத்தைவிட மெதுவாகச் சொன்னார். சன்னல் திரையைக்கூட இழுத்துவிட்டிருந்தார். கடைசி அறையில் ஒருவன் மட்டும் இருக்கிறான். முகத்தை மறைத்துத் துணி. கைவிலங்கைக் கயல் உடைக்கிறாள். அவன் தலை நிமிர்கிறான்.

புவன் குரலை மாற்றினார். இளம் பையனின் குரல்.

"அக்கா. சோறு வச்சிட்டுக் காத்திருக்காதீங்கன்னு சொன்னேன்ல."

தனுஜாவின் கை தானாகப் போய் அட்டையை எடுத்து மேசை நடுவில், வரைபடத்தின் மேல் வைத்தது.

புவன் அதைப் பார்த்தார். மற்ற இருவரும் பார்த்தார்கள். அவர் கையை மட்டும் லேசாக உயர்த்தினார்.

"ஒரு நிமிஷம் தனு. என்னை நம்பு."

தொடர்ந்து சொன்னார். துணி விலகுகிறது, கயல் சிறுவயதில் பிரிந்த தம்பி. எங்கே இருந்தான், எப்படிப் பிடிபட்டான், ஒவ்வோர் இரவும் அக்காவின் படகுச் சத்தத்தை நினைத்துக்கொண்டு எப்படித் தூங்கினான் என்று எல்லாம் சொன்னார். நான்கைந்து நிமிடம் இருக்கும். உமா அழுதாள். அலாவுதீன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தனுஜா எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. காதைப் பொத்தியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. அந்த நான்கு நிமிடமும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். எங்கே இருந்தாய் என்ற கேள்விக்கு யாரோ பதில் சொல்கிறார்கள். அது புவன், கட்டடம் வரைகிறவர், இதெல்லாம் அவர் இட்டுக் கட்டியது என்று தெரிந்தும், அடுத்த வாக்கியத்தில் ஊர்ப் பெயர் வருமோ என்று ஒரு கணம் காத்திருந்தாள். பின்னால் நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசியது அந்தக் கணத்துக்காகத்தான்.

அவர் முடித்ததும் உமா, "ஒன்பது வருஷத்துல இதான் பெஸ்ட்" என்றாள். அலாவுதீன் கை தட்டினார்.

"நான் அட்டை போட்டேன்" என்றாள் தனுஜா.

அலாவுதீன் கை தட்டுவதை நிறுத்தினார்.

"போட்டேன்லா. பாத்தீங்கதானே, அண்ணே?"

"பாத்தேன். பாதியில நிறுத்தியிருந்தா அது வெறும் கொடுமை. முடிச்சதுனாலதான் அவன் கிடைச்சான்" என்றார் புவன். "உனக்காகத்தான் செஞ்சேன் தனு. மூணு மாசமா யோசிச்சேன். வெளிய கிடைக்காதது இங்கயாவது கிடைக்கட்டும்னு."

"நான் கேட்டேனா?"

"எல்லாத்தையும் கேட்டுத்தான் கொடுக்கணுமா?"

"அது என் தம்பி பேசுனது. உங்ககிட்ட மட்டும் போட்டுக் காட்டுனேன்."

உமாவுக்கும் அலாவுதீனுக்கும் அப்போதுதான் புரிந்தது. உமா, "அய்யோ தனு" என்று கையைப் பிடிக்க வந்தாள். தனுஜா கையை இழுத்துக்கொண்டாள். அவள் குரல் உயரவில்லை. ஆலையில் ஒரு பெட்டிச் சரக்கைத் திருப்பி அனுப்பும்போது பேசும் அதே குரலில் கேட்டாள்.

"எடுத்துடுங்க. அந்தப் பையன் வரல. அந்த அறையில யாரும் இல்ல. அப்படி வச்சிக்குவோம்."

புவன் விதித்தாளைப் பார்க்கவில்லை. உமாதான் பார்த்தாள்.

"மேசையில சொன்னது நடந்தது" என்றாள் மெதுவாக. "நீ சொன்னதுதானே தனு. என் ஆளு செத்தப்ப நான் அழுதேன். எனக்கு மாத்துனியா?"

"அது டைஸு, அக்கா. இது..."

"எனக்கு அதுவும் இதுவும் ஒண்ணுதான்."

அத்தனை வருடம் உமா சிரித்துக்கொண்டே அதை உள்ளே வைத்திருந்திருக்கிறாள். வில்லாளி செத்த அன்று உமாவுக்கு இன்னொரு முறை உருட்டக் கொடுத்திருக்கலாமே என்று தனுஜாவுக்கு முதன்முறையாகத் தோன்றியது. அது தோன்றிய நேரம் சரியாக இல்லை.

"சரி, எல்லாரும் சொல்லுங்க" என்றார் புவன். "நான் தனியா முடிவு பண்ணல."

உமா, இருக்கட்டும் என்றாள். அலாவுதீன் தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு, "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு... கதை நல்லாத்தான் போவுது" என்றார். புவன் தன் முடிவைச் சொல்லத் தேவை இருக்கவில்லை.

தனுஜா தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். லிஃப்ட் வரை யாரும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அலாவுதீனிடமிருந்து செய்தி வந்திருந்தது. "நீ சொன்னது சரிமா. அங்க வாயத் தொறக்க முடியல. கடை, வீடு, கடைன்னு ஓடுது. எனக்கு இந்த ஒரு சனிக்கிழமதான் இருக்கு. அத இழக்க பயம். மன்னிச்சிடு." அவள் அதை இரண்டு முறை படித்தாள். தனக்கும் அந்த ஒரு சனிக்கிழமைதான் இருந்தது என்று எழுதி, அனுப்பாமல் அழித்தாள்.

மறுநாள் நால்வரின் கைப்பேசிக் குழுவில் புவன் எழுதினார்: "யாருக்காச்சும் மனசு கஷ்டப்பட்டிருந்தா சாரி. தனு, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு. உன் நாற்காலி இருக்கும்." உமா ஒரு இதயம் போட்டாள்.

தனுஜா காத்திருந்தாள். தனியாக ஒரு முறை அழைப்பார் என்று எதிர்பார்த்தாள். நான் நிறுத்தியிருக்கணும் என்று ஒரே ஒரு வரி. முதல் சனிக்கிழமை போனது. இரண்டாவது போனது. "இன்னிக்கும் பினாங்குக்குப் போகலயா?" என்று அம்மா கேட்டாள். "வண்டி சரியில்லம்மா" என்றாள். மூன்றாவதும் போனது. நான்காவது சனிக்கிழமை இரவு அலாவுதீன் கைப்பேசியில் சொல்லித்தான் தெரிந்தது. சொல்லாமல் மூன்று வாரம் வரவில்லை அல்லவா, விதிப்படி கயலைப் புவன் எடுத்துக்கொண்டார். இப்போது கயல் பேசுவதையும் அவரே பேசுகிறார். அன்றைய கதையில் கயல் தம்பியைக் கட்டிப் பிடித்து அழுதாளாம். அவனுக்குத் தன் கையால் சோறு போட்டாளாம்.

"நல்லா செஞ்சாருமா" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று அலாவுதீனுக்கே தோன்றியிருக்க வேண்டும். "சரி, வக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் தனுஜா புவனுக்கு ஒரு வரி அனுப்பினாள்: "கயலைக் கொன்னுடுங்க."

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "டைஸ் உருட்டாம எப்படி? அது நம்ம ரூல் இல்லையே."

அவள் குழுவிலிருந்து விலகினாள்.

இதைப் பற்றி அவள் யாரிடமும் முறையிடவில்லை. முறையிட இடமும் இல்லை. பிள்ளை தொலைந்த வீட்டில் போய், விளையாட்டில் என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று எப்படிச் சொல்வது? ஆலைத் தோழி நூர்ஜானிடம் ஒரு முறை பாதி சொன்னாள். "விளையாட்டுத்தானேலா, வேற க்ரூப் தேடு" என்றாள் நூர்ஜான். தேடவும் செய்தாள். பட்டர்வொர்த்தில் ஒரு கூட்டம். போனாள். உட்கார்ந்ததும், எதையெல்லாம் கதையில் கொண்டுவரக் கூடாது என்று அவர்கள் கேட்டார்கள். ஒரு தாள் கொடுத்து எழுதச் சொன்னார்கள். நல்லவர்கள்தான், முறையாகத்தான் செய்தார்கள். அவள் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு அந்தத் தாளைப் பார்த்தபடி இருந்தாள். எழுதிக் கொடுத்தால் அது இன்னொருவர் கைக்குப் போகும். 'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அன்று முழுக்க இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாமல் வந்துவிட்டாள். திரும்பப் போகவில்லை.

ஒரு வருடத்துக்கும் மேல் ஆன பிறகு அவள் புவனைப் பார்த்தாள். நூர்ஜானின் தங்கைக்கு நிச்சயதார்த்தம். அவர்கள் வீடு ஜெலுத்தோங்கில். ஞாயிற்றுக்கிழமை காலையில் நூர்ஜானோடு சந்தைக்குப் போயிருந்தாள். நூர்ஜான் இறால்காரனிடம் விலை பேசிக்கொண்டிருக்க, ஈரத் தரையில் இரண்டு கடை தள்ளிப் புவன் நின்றிருந்தார். கையில் மீன் பை. கொஞ்சம் இளைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அது நடிப்பில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

"தனு! பசியாறிட்டியா?"

"ஆச்சிண்ணே."

"ஆளே காணோம். ஒரு மெசேஜ்கூட இல்ல."

அவர் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"தம்பியப் பத்தி... ஏதாச்சும் தகவல்?"

"இல்ல."

அவர் தலையை ஆட்டினார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார். அவரிடம் இருந்த ஆறுதல் அது ஒன்றுதான்.

"கதையில அவன் நல்லா இருக்கான் தனு. மூணாவது துறைமுகத்துல சொந்தமா படகு வச்சிருக்கான். போன மாசம் உமாவோட மருத்துவச்சிக்கும் அவனுக்கும் கல்யாணம் பண்ணி வச்சோம். நீ இருந்திருக்கணும்."

மீன் செதிள்கள் மிதந்த தண்ணீர் அவள் செருப்புக்கடியில் ஓடியது.

"அவனுக்கு என்னா பேரு வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

புவன் மீன் பையைப் பார்த்தார்.

"அண்ணே, பேரு?"

"ஷர்வின்னே வச்சிட்டோம். உமாதான், வேற பேரு வச்சா மரியாதையா இருக்காதுன்னு..."

சந்தைச் சத்தத்தில் மீதி கேட்கவில்லை, அல்லது அவர் முடிக்கவில்லை. தனுஜா அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் அழுவாள் என்றோ திட்டுவாள் என்றோ அவர் காத்திருப்பது தெரிந்தது. திட்டியிருந்தால் அவருக்கு லேசாகியிருக்கும். அடுத்த சனிக்கிழமை மற்ற இருவரிடமும் சொல்லி வருத்தப்பட்டிருப்பார். அதை அவருக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"போறேண்ணே. கூட வந்தவ தேடுவா."

நூர்ஜான் இறாலை வாங்கி முடித்திருந்தாள். "யாருலா அது, ரொம்ப நேரம் பேசுன?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சவரு" என்றாள் தனுஜா.

ஆலையில் சனிக்கிழமை வேலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம்; பிள்ளை குட்டிக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்த நாள் அவள் மேற்பார்வையாளரிடம் போய், எல்லாச் சனிக்கிழமையும் தன் பெயரைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். "நிச்சயமாவா? எல்லா வாரமுமா?" என்று அவர் கேட்டார். "எல்லா வாரமும்" என்றாள். அவருக்குச் சந்தோஷம். ஏன் என்று அவர் கேட்கவில்லை.